மேலே இருந்த எட்டு வலைகள்

கிள்ளான் வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்துக்கு இப்போது அவள்தான் மேலாளர். குரலில் தேன் ஒழுகியது. தேன் ஒழுகப் பேசுகிறவர்கள் ஏதோ கேட்கப் போகிறார்கள் என்பது என் கணக்கு. அது பொய்க்கவில்லை.

“ஆன்டி, கொசு ரூமை மூடப் போறோம் லா. அடுத்த மாசம் மெஷின் வருது. வலையில எவ்ளோ மருந்து இருக்குன்னு அதுவே சொல்லிடும். கொசுவே வேணாம். அதுக்கு முன்னால ஒரு நினைவு மலர் போடறோம். நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும்.”

“என்னத்த எழுதறது?”

“உங்க எக்ஸ்பீரியன்ஸ்தான். தலைப்புகூட ரெடி. ‘ஒரு பிழையும் இல்லாத இருபத்தாறு வருஷம்’. எப்படி?”

“பிழை இல்லன்னு யாரு சொன்னா?”

“ஃபைல்ல அப்படித்தான் ஆன்டி இருக்கு. எல்லாத்தையும் பாத்துட்டேன்.”

ஃபைலில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கும் தெரியும். அதை எழுதியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. கட்டுரை தருகிறேன், அந்தத் தலைப்பு மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. இருபத்தாறு வருடம் கொசு வளர்த்தேன். இதைக் கல்யாண வீடுகளில் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரர் ஓரிரு அங்குலம் நகர்ந்து உட்காருவார். மலேரியாவைப் பரப்பும் ஜாதிக் கொசுதான், ஆனால் எங்கள் அறையிலேயே முட்டையிட்டு, அங்கேயே பொரித்து, தலைமுறை தலைமுறையாக நோயாளி எவரையும் கடிக்காமல் வளர்ந்தவை. அவை கடித்த ஒரே ஆள் நான். செவ்வாயும் வெள்ளியும் இடது கையைக் கூண்டுக்குள் விட்டு இரத்தம் கொடுப்பேன். இன்றைக்கும் அந்தக் கையில் தோல் சற்றுத் தடிப்பு.

எதற்கு இந்தக் கூத்து என்றால், மருந்து ஏற்றிய கொசுவலைகளைச் சோதிக்க. ஏழை நாடுகளில் மலேரியா முதலில் தூக்கிக்கொண்டு போவது ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளை. வலைக்குள் பிள்ளை தூங்கும். வாசனை பிடித்து வரும் கொசு வலையில் உட்காரும். நூலில் இருக்கும் மருந்து பட்டுச் சாகும். மருந்து இல்லாவிட்டால் அது வெறும் துணி. கொசு ஒரு ஓட்டையைத் தேடிக்கொண்டு போகும், அல்லது வலையில் ஒட்டிக் கிடக்கும் பிள்ளையின் முழங்காலை வெளியில் இருந்தே கடிக்கும். தாயோ வலை இருக்கிறது என்ற தைரியத்தில் தூங்கிவிடுவாள். அதனால் மருந்தில்லாத வலை வலையே இல்லாததைவிட மோசம் என்று நான் நினைக்கிறேன்.

பந்திங் எஸ்டேட்டில் என் அம்மாவின் தலைப்பிள்ளை குளிர்காய்ச்சலில் செத்ததாக அம்மா சொல்வார். மலேரியாதானா, வேறு காய்ச்சலா என்று எந்தக் காகிதமும் இல்லை. காகிதம் இல்லாததால் நான் முழுதாக நம்பியதில்லை. பெற்ற தாய் சொன்னதையே அப்படி நிறுத்துப் பார்க்கிறவள் நான். மற்றவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கெங்கோ நெய்த வலைகள் கப்பலில் போர்ட் கிள்ளானுக்கு வரும். ஓர் உதவி நிறுவனம் அவற்றைப் பண்டமாரானில் ஒரு கிடங்கில் அடுக்கி வைக்கும். நாங்கள் மாதிரி எடுத்துச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் மறு கப்பலில் ஏறும். போகும் நாட்டின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். இப்போதும் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வருமுன் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருந்தேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு ஊசித்துளை தேடும் வேலை. பரிசோதனைக்கூடத்தில் நேர்முகத் தேர்வு நடத்தியவர் குணா சார், அங்கே தலைமை. மேசையில் இரண்டு காகிதக் கோப்பைகளை வைத்தார். ஒன்றில் ஐந்து கொசுவும் செத்துக் கிடந்தன. மற்றதில் மூன்று செத்து இரண்டு நொண்டின.

“எது நல்ல ரிசல்ட்?”

“ரெண்டையும் இன்னொரு தடவை எண்ணிட்டுச் சொல்றேன் சார்.”

மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். பயிற்சி என்று ஆறு மாதம். புழுவுக்கு மீன் தீனியை மாவாக அரைத்துப் போடுவது, கூட்டுப்புழுவைத் துளிக்குழாயால் பொறுக்குவது, ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது விதிகளைப் பற்றி. கொசு அறைக்குப் போகிறவர்கள் பவுடர் போடக் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. வாசனைச் சோப்பு கூடாது. வீட்டில் கொசுவத்தி, சாம்பிராணி, பூச்சி மருந்து எதுவும் கூடாது. நாம் கொண்டுவரும் வாடையில் கொசு செத்தால், செத்தது வலையாலா நம்மாலா என்று எவன் கண்டான்? எங்கள் தாமான் குடியிருப்பில் டெங்கி வந்து வீட்டுக்கு வீடு கொசுவத்தி புகைந்தபோதும் என் வீட்டில் வத்தி ஏற்றவில்லை. “ஊரு கொசுவுக்கெல்லாம் எமன் நீ, வீட்டுக் கொசுவுக்குச் செல்லப் பிள்ளையா?” என்று வீட்டுக்காரர் வலைக்குள் படுத்துக்கொண்டு புலம்புவார்.

விதிகளுக்குக் காவல் என் மூக்கு. காலையில் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவேன். ஒரு நாள் என் கூட வேலை பார்த்த சல்மாவின் காலரில் கொசுவத்தி வாடை. அவள் வீட்டில் இல்லை என்று சத்தியம் செய்தாள். விசாரித்தால், முதல் நாள் மாமியார் வீட்டில் படுத்திருந்தாள். வத்தி அடுத்த அறையில் எரிந்திருக்கிறது. அன்று அவளை உள்ளே விடவில்லை. “ஸ்டெல்லா கிட்ட இருந்து ஒண்ணும் தப்பிக்க முடியாது லா,” என்று சல்மா அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இந்த மூக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை இப்படி நடக்கும். மடித்த வலையை விரிக்காமலே, வெளிப்பக்கத்தில் ஐந்து இடங்களில் கையகலத் துண்டுகள் வெட்டுவோம். துண்டின் மேல் பிளாஸ்டிக் கூம்பைக் கவிழ்த்துப் பொருத்துவோம். குழாயால் மெல்ல உறிஞ்சி எடுத்த ஐந்து பெண் கொசுக்களைக் கூம்புக்குள் விட்டுப் பஞ்சால் அடைப்போம். மூன்று நிமிடம், ஒரு நொடி கூடாது குறையாது. பிறகு கோப்பைக்கு மாற்றிச் சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு வைப்போம். ஒரு மணி நேரம் கழித்து விழுந்தவை எத்தனை, ஒரு நாள் கழித்துச் செத்தவை எத்தனை. மருந்தில்லாத சாதாரண வலையிலும் இதே போல முதலில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. அங்கேயும் கொசு செத்தால் அன்றைய சோதனை முழுவதும் குப்பைக்கு. எண்ணுவது இரண்டு பேர், தனித்தனிக் காகிதத்தில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல்.

முடிவை எடுத்துக்கொண்டு குணா சாரிடம் போனால் காகிதத்தைப் பார்க்க மாட்டார். நம் முகத்தைப் பார்த்து, “வேற?” என்பார். அறையின் சூடு சொல்வோம். “வேற?” கொசுவின் வயது சொல்வோம். “வேற?” காலையில் பத்து நிமிடம் கரண்ட் போனதைச் சொல்வோம். நம்மிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று அவருக்குத் தோன்றிய பிறகுதான் காகிதத்தை எடுப்பார். பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நாங்கள் எல்லாவற்றையும் கவனித்தோம்.

ஒரு சமயம் ஒரு வியாபாரி தானே மாதிரிகளைக் கூரியரில் அனுப்பினான். கொசு வலையைத் தொட்ட மாத்திரத்தில் விழுந்தது. குணா சாருக்கு அது பிடிக்கவில்லை. கிடங்குக்குப் போய் அதே சரக்கில் வேறு வலை எடுத்து வந்தால் பாதிக் கொசு பிழைத்தது. எங்களுக்கு அனுப்புவதை மட்டும் இரண்டு முறை மருந்தில் முக்கியிருக்கிறான். அன்றிலிருந்து மூன்று விதி. மாதிரியை நாமே போய் எடுக்க வேண்டும். எந்தப் பேல், அதாவது எந்த வலைப்பொதி, என்பதை அங்கே போய் நின்ற பிறகுதான் சொல்ல வேண்டும், கட்டுக் கயிற்றையும் நாமே அறுக்க வேண்டும். மேல் வரிசையைத் தொடவே கூடாது, நடுவில் கையை விட்டு உருவ வேண்டும். குணா சார் கிடங்கில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், யார் கொடுத்தாலும் தேத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

இனி அந்த வலைகளின் கதைக்கு வருகிறேன்.

அது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு. குணா சார் இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவைக்காக நீண்ட விடுப்பில் இருந்தார். ஒரு சரக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டும், அந்த நாட்டில் மழைக்காலம் தொடங்குமுன் வலைகள் கிராமங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உதவி நிறுவனத்திலிருந்து தினம் ஒரு போன். பொறுப்பு என்னிடம். பண்டமாரான் கிடங்கில் பேல்கள் கூரை வரை அடுக்கியிருப்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் இல்லாமல் இறக்க முடியாது. நேரம் மிச்சமாகட்டும் என்று, எனக்கு வேண்டிய எட்டுப் பேல்களின் எண்களை முதல் நாள் காலையிலேயே போனில் சொல்லிவிட்டேன். அது நான் உடைத்த முதல் விதி.

கிடங்குக்குப் பொறுப்பாளர் முனியாண்டி. நாற்பது வயதிருக்கும், எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனா. மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் நான் போய் இறங்கியதும் ஓடி வந்தார்.

“வாங்கக்கா, வாங்க. சாப்டீங்களா? வீட்டுல மீ கோரேங் செஞ்சு குடுத்து விட்டுருக்கு. மொத சாப்பிடுங்க, வேலை எங்கயும் ஓடிறாது.”

எட்டுப் பேலும் கதவோரம் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் கட்டு அறுத்து, பிளாஸ்டிக் உறையைக் கீழே வரை சுருட்டி விட்டிருந்தது. அந்தச் சரக்கில் வலைகளுக்குத் தனித்தனி உறை கிடையாது. மடித்த வலைகளை அப்படியே அடுக்கி ஒரே உறையில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். உறையைச் சுருட்டினால் வலை வெட்டவெளியில்.

“யாரு முனியாண்டி இதைத் திறந்தது?”

“நான்தாங்கா. அந்த பிளாஸ்டிக்கு கையைக் கிழிச்சிரும். போன தடவ நீங்க கஷ்டப்பட்டீங்களே.”

“வேற எட்டு இறக்கணுமே.”

“அஸ்மி மசூதிக்குப் போயிட்டாருக்கா. அவரு வந்தாதான் ஃபோர்க்லிஃப்ட். ரெண்டரை மணி ஆகும்.”

வெள்ளிக்கிழமைத் தொழுகை. நான் காத்திருந்திருக்கலாம். குணா சாராக இருந்தால் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். நானோ மீ கோரேங்கைச் சாப்பிட்டேன், தேத்தண்ணீரும் குடித்தேன். பிறகு எட்டுப் பேலிலும் ஒவ்வொரு வலை எடுத்தேன். மேல் வரிசையிலிருந்து.

சோதனையில் எல்லாக் கொசுவும் செத்தன. சாதாரண வலையில் ஒன்றுகூடச் சாகவில்லை. சல்மா எண்ணியதும் நான் எண்ணியதும் ஒன்றாகவே இருந்தன. “வேற?” என்று கேட்க ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டேன், கப்பல் புறப்பட்டது.

இன்னொரு சோதனை உண்டு. வலைத் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் ஜாடியில் போட்டுக் குலுக்கித் துவைத்து, காயவைத்து, சில நாள் விட்டு, திரும்பத் துவைத்து, மருந்து தங்குகிறதா என்று பார்ப்பது. நல்ல வலை இருபது துவையல் தாங்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அவசரச் சரக்குகளுக்கு அது பின்னால்தான் வரும். ஐந்தாவது துவையல் முடிந்ததும் சல்மா துண்டுகளைக் கூம்பில் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

“ஸ்டெல்லா, நீயே வந்து பாரு.”

கோப்பைக்குக் கோப்பை கொசுக்கள் பறந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட விழவில்லை.

முதலில் சல்மாவைச் சந்தேகப்பட்டேன். சோப்பை அதிகம் போட்டுவிட்டாளோ? சோப்பு சரியாக இருந்தது. கொசுவைச் சந்தேகப்பட்டேன். வேறு வலையில் விட்டேன், செத்தன. கடைசியில் மூடி வைத்திருந்த மிச்ச வலைகளை எடுத்து விரித்தேன். மடிப்பின் வெளிப்பக்கம் ஒரு துண்டு, உள்பக்கம் ஒரு துண்டு வெட்டினேன். வெளிப்பக்கத் துண்டில் கொசு செத்தது. உள்பக்கத் துண்டில் உட்கார்ந்து நிதானமாகக் காலைத் துடைத்துக்கொண்டது. எட்டு வலையிலும் அதே கதை.

உள்ளே மருந்தே இல்லை. வெளியே மட்டும் யாரோ எதையோ பூசியிருக்கிறார்கள். யார்? என் மனம் நேரே முனியாண்டியிடம் போய் நின்றது. எண்கள் தெரிந்த ஆள் அவர்தான், பேலைத் திறந்தவரும் அவர்தான். மீ கோரேங் கொடுத்து என்னை மேல் வரிசையில் கைவைக்க விட்டவரும் அவர். வியாபாரியிடம் எவ்வளவு வாங்கினானோ என்று, மரியாதைகூட இல்லாமல், மனசுக்குள் ஏசிக்கொண்டே பண்டமாரானுக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று போகும் தகவலைச் சொல்லவில்லை.

முனியாண்டி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “என்னக்கா, சொல்லாம கொள்ளாம?”

“அந்த எட்டுப் பேல்ல என்ன அடிச்சீங்க?”

“அடிச்சனா?”

“மறைக்காதீங்க முனியாண்டி. மேல் வலையில மருந்து இருக்கு, உள்ள இல்ல. நான் வர்றதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க?”

அவர் விழித்தார். அந்த விழிப்பையும் நான் நம்பவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“ஃபோகிங்கா அக்கா? அதைக் கேக்கறீங்களா? அதுக்கு முந்துன நாளு சாயங்காலம் அடிக்கச் சொன்னேன். இங்க டெங்கி கேஸ் நிறைய லா. எம்பொண்ணே ஆஸ்பத்திரியில ஆறு நாளு கெடந்துச்சு. நீங்க வந்து மணிக்கணக்கா நிப்பீங்க, உங்களைக் கடிச்சுறக் கூடாதுன்னுதான். ஃபோகிங் அடிக்கிற அங்கிள்கிட்ட, கதவுகிட்ட நல்லா அடிங்கன்னு சொன்னேன்.”

“பேலை அப்பவே திறந்துட்டீங்களா?”

“ஆமாங்கா. உள்ள கொசு பூந்திருந்தா அதுவும் சாவட்டும்னுதான்.”

இந்த ஊரில் டெங்கி வந்தால் புகை அடிப்பார்கள். டீசலில் பூச்சி மருந்தைக் கலந்து, மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவே வெள்ளையாகும் வரை அடிப்பார்கள். எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நல்லது நடக்கிறது என்று சந்தோஷப்படுவோம். அந்தப் புகைதான் திறந்த பேல்களின் மேல் படிந்து, மருந்தில்லாத வலைக்கு மருந்து பூசியிருக்கிறது. வியாபாரி தந்திரமாகச் செய்திருந்தால் நான் பிடித்திருப்பேன். இது என்மேல் அக்கறைப்பட்டுச் செய்தது.

அஸ்மியைக் கூப்பிட்டு, கப்பலில் இடமில்லாமல் கூரையோரம் மிச்சமிருந்த அதே சரக்கில் எட்டுப் பேல் இறக்கச் சொன்னேன். நானே அறுத்தேன், நடுவில் கைவிட்டு உருவினேன். சோதனையில் ஒரு கொசுகூடச் சாகவில்லை. ஆலையில் மருந்து கலக்க மறந்தார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. மறந்தார்கள் என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை.

குணா சார் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. எதிரில் நின்று சொன்னேன். துவைத்த துண்டு, வெளி மடிப்பு, உள் மடிப்பு.

“வேற?”

“எண்களை மொத நாளே சொல்லிட்டேன் சார். பேல் திறந்திருந்துச்சு. மேல் வரிசையில எடுத்தேன்.”

“வேற?”

“ஃபோகிங் அடிச்சிருக்காங்க. முனியாண்டியே சொல்லிட்டாரு.”

அவர் எழுந்து, மிச்ச வலை இருந்த பையைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனார். பையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை.

“வேற, ஸ்டெல்லா?”

பெயர் சொல்லி அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

“வேற ஒண்ணும் இல்ல சார்.”

தலையை ஆட்டினார். உடனே போனை எடுத்து உதவி நிறுவனத்திடம் பேசினார். கப்பல் போய்ச் சேர்ந்திருந்தது. வலைகள் துறைமுகத்திலிருந்து லோரிகளில் உள்நாட்டுக்குப் போய்க் கொடுத்தும் முடித்திருந்தார்கள். வேறு வலை அனுப்ப ஏற்பாடு நடந்தது, அதை நான் நடுவில் கைவிட்டுச் சோதித்தேன். அவை போய்ச் சேர்ந்தபோது அங்கே மழைக்காலம் முடிந்திருந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தப் பிள்ளைகள் என் கையெழுத்தின் கீழே தூங்கின. எத்தனை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, எத்தனை பிழைத்தது என்று யாரும் எங்களுக்கு எழுதவில்லை. ஒவ்வொரு கோப்பையையும் இரண்டு முறை எண்ணிய நான், அதை மட்டும் எத்தனை என்று கேட்கவில்லை.

விசாரணை வந்தது. மேலிடத்தில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் தயாரித்தார்கள்: கிடங்கில் ஏற்பட்ட மாசினால் மாதிரிகள் பாதிக்கப்பட்டன, பரிசோதனைக்கூடத்தின் பிழை அல்ல. நான் எண்ணை முன்கூட்டிச் சொன்னதும் மேல் வரிசையில் எடுத்ததும் அதில் இல்லை. “அதையும் எழுதலாமா?” என்று கேட்டேன். “கேட்டா எழுதலாம் லா,” என்றார்கள். யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். பிழை கிடங்கில் என்றானதும் முனியாண்டிக்கு வேலை போனது.

இப்போது அவர் பந்திங் பக்கம் லோரி ஓட்டுகிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். ‘நீங்க மட்டுந்தான்கா நேர்ல வந்து கேட்டீங்க. மத்தவங்க லெட்டர்தான் அனுப்புனாங்க’ என்று ஒரு வருடம் எழுதியிருந்தார். நன்றி சொல்கிறாராம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

குணா சார் போய் மூன்று வருடமாகிறது. பங்சாரில் அவர் மகள் வீட்டில் பெட்டிக்கு முன்னால் நின்றபோதும் எனக்கு ஒரே சந்தேகம்தான். அன்று பையை முகத்தருகே கொண்டுபோனாரே, அவருக்குத் தெரிந்திருக்குமா? அதனால்தான் பெயர் சொல்லிக் கேட்டாரா? கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

மேலே அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். இவ்வளவு வருடம் அதை விட்டுவிட்டுச் சொல்லியே பழகிப்போயிற்று. கிடங்குக் கதவைத் தாண்டிக் காலை வைத்ததுமே எனக்கு டீசல் வாடை வந்தது. லோரி வாடை இல்லை, புகையடித்த வாடை. அடுத்த அறையில் எரிந்த கொசுவத்தியைச் சல்மாவின் காலரில் கண்டுபிடித்த மூக்குக்கு இது தெரியாமல் போகுமா? தெரிந்தது. கேட்க வாயெடுத்தேன். அப்போது அவர் மீ கோரேங் டப்பாவைத் திறந்து நீட்டினார். அப்போதெல்லாம் நான் எங்கே போனாலும் மனிதர்கள் என்னைக் கண்டு பயந்துகொண்டுதான் பேசுவார்கள். ஒருத்தர் ஆசையாக “சாப்டீங்களா” என்று கேட்கிறார், அவரிடம் போய் விசாரணை வைப்பதா என்று தோன்றியது. ஒரு நாளாவது சந்தேகப்படாமல் இருப்போமே என்று இருந்துவிட்டேன்.

கேட்டிருந்தால் கப்பல் புறப்பட்டிருக்காது. முனியாண்டி இன்றைக்கும் அந்தக் கிடங்கில்தான் இருந்திருப்பார்.

கவிதா, மெஷின் வரட்டும். அது வாடை பிடிக்காது, மீ கோரேங் சாப்பிடாது. ஆனால் அதற்குள் வைக்கும் துண்டை எந்த வரிசையில் யார் எடுத்தார்கள் என்று கேட்க ஓர் ஆளை வைத்துக்கொள். இந்தக் கட்டுரையை நீ அச்சிடுவாயா என்பது எனக்குச் சந்தேகம்தான். அச்சிடாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பந்திங்குக்குப் போய் முனியாண்டி கையில் கொடுக்கப் போகிறேன். அவர் வழக்கம்போல் முதலில் சாப்பிடச் சொல்வார். படித்து முடித்த பிறகும் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

வேறு ஒன்றும் இல்லை, சார்.